எவ்வளவு தூரம், மோனை?

"ரொறன்ரோ எவ்வளவு தூரம், மோனை?"

அம்மா இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டு கேட்பார். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் வழியில் கேட்பார். நள்ளிரவில் விழித்துக்கொண்டு, நான் உறங்குகின்றேனா என்பதைக்கூடப் பாராமற் கேட்பார். முப்பத்தோராண்டு பூமிசாஸ்திரம் படிப்பித்தவன் நான். உலகத்து நதிகளையும் மலைகளையும் மாணவர்க்கு மனனஞ் செய்வித்தவன். ஆயினும் அந்தக் கேள்விக்கு நேரான விடை ஒன்றும் நான் சொன்னதில்லை. "ஒரு நாள் பயணந்தான் அம்மா" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவேன்.

"காலமை வெளிக்கிட்டால் அடுத்த நாள் காலமை வந்திடுவானோ?"

"வந்திடுவான்."

இவ்வாறு சொல்வதில் எனக்கு முன்னோடி ஒருவன் உளன். புகார் நகரத்தை விட்டு இருளோடு புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் ஒரு காதம் நடப்பதற்குள் அவள் கால் நொந்து, மதுரை எங்கே உள்ளது என்று கேட்கின்றாள். முப்பது காதம் என்று சொன்னால் அவள் அங்கேயே அமர்ந்துவிடக்கூடும். ஆகவே அவன் அதனை ஆறு என்றும் ஐந்து என்றும் பிரித்துச் சொல்லி, கிட்டத்தான் உள்ளது என்று சிரிக்கின்றான். பெருக்கிப் பார்த்தாலன்றோ முப்பது வரும்! கணக்கைப் பொய்யாக்காமலே தூரத்தைக் குறைத்துக் காட்டிய அந்த வணிகன் மகனைச் சிலப்பதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் மெச்சியதுண்டு. எங்கள் பகுதியிலே கோவலன் கூத்து ஆடுவார்கள். மதுரையை எரித்த பின் அம்மை ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் என்பதனாற் பத்தாப்பளை என்று வழங்கிய பெயரே வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊரவர் கூற்று. நடந்து களைத்த ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கின்ற ஊரிலே, தூரம் எவ்வளவு என்று ஒரு தாய் கேட்பதில் வியப்பென்ன?

அம்மாவுக்குச் சொல்லாத விடையை இப்போது வாசகர்களுக்குச் சொல்ல முற்படுகின்றேன். ஆசிரியத் தொழிலின் பழக்கம் எளிதில் விட்டுப்போவதில்லை, பொறுத்தருள்க.

எங்கள் பாடசாலையில் ஒரு பூகோள உருண்டை இருந்தது. 2008 இறுதியில் ஊரே பெயர்ந்தபோது அதுவும் போயிற்று. மீண்டு வந்த பின் நான் முதன்முதலாக வாங்கிய பொருள்களுள் ஒன்று ஒரு புதிய உருண்டை. முப்பது சதமமீற்றர் விட்டம், சீனத்திற் செய்தது, இலங்கையின் வடிவத்திற் சற்றே குறைபாடு உண்டு. எனினும் அதிலே எந்தப் பிள்ளையும் செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை உண்டு. ஒரு நூலை எடுத்து, ஒரு நுனியைக் கொழும்பிலும் மறு நுனியைக் கனடாவின் ரொறன்ரோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாக வழுகி ஓரிடத்தில் நிலைகொள்ளும். அதுவே இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய வழி. பெருவட்ட வழி என்று கணித நூலார் கூறுவது இதனையே.

முதன்முறை இதனைச் செய்யும் பிள்ளைகள் எவரும் திகைக்காமல் இருந்ததில்லை. ஏனெனில் சுவரிலே தொங்கும் தட்டையான தேசப்படம் நமக்கு வேறொரு வழியைக் காட்டிப் பழக்கிவிட்டது. அதிலே அளவுகோலை வைத்தாற் கோடு அரபிக் கடலைக் கடந்து, சகாராப் பாலையைத் தாண்டி, அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலாகக் கனடாவை அடையும். உருண்டையிற் பிடித்த நூலோ ஆபிரிக்காவின் பக்கமே போகாது. கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி ஏறி, மகாராட்டிரத்தின் மேலாக, பாக்கிஸ்தான், மத்திய ஆசியா, ருசியா என்று சென்று, நோர்வேயின் வடகோடியை உரசி, உறைபனி மூடிய கிறீன்லாந்தைக் கடந்து, கியூபெக் காடுகளின் மேலாக ரொறன்ரோவில் இறங்கும். நூலின் உச்சி எழுபத்திரண்டாம் பாகை வட அகலக்கோட்டைத் தொடும். பனிக்கரடி உலாவும் நாட்டின் வழியாகத்தான் கனடாவுக்குக் குறுக்குப் பாதை இருக்கின்றது என்றால் எந்தப் பிள்ளைதான் நம்பும்! நூல் உரசிச் செல்லும் அந்த வட நோர்வேயின் மீன் பதனிடும் ஆலைகளிலே 1980களில் எங்கள் இளைஞர் பலர் வேலை செய்தனர் என்பதையும் வகுப்பிற் சொல்வதுண்டு. அப்போது பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவர். யாரோ ஒருவரின் மாமனார் அங்கே இருந்திருப்பார்.

கணக்குக்கு வருவோம். நேர்வழி, கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோவுக்கு, ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். தட்டைப் படத்தின் கோட்டைப் பின்பற்றினால் 16,100 கிலோமீற்றர். காகிதத்தை நம்பியவன் 2,000 கிலோமீற்றருக்கு மேல் வீணாகப் பறப்பான். என்னுடைய உருண்டையில் அந்த நேர்வழி ஒன்றரைச் சாண் நூல்.

முள்ளியவளைக்கென்று தனியே ஒரு கணக்கும் உண்டு. அதை நான் கண்டுபிடித்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைப் பிறர் விளங்கிக்கொள்வரோ, அறியேன். எங்கள் ஊர் கிழக்கு நெடுங்கோடு எண்பதுக்கும் எண்பத்தொன்றுக்கும் இடையே உள்ளது. ரொறன்ரோ மேற்கு நெடுங்கோடு எழுபத்தொன்பதுக்கும் எண்பதுக்கும் இடையே. கிரீனிச்சிலிருந்து நாங்கள் கிழக்கே போன தூரம் அவர்கள் மேற்கே போயிருக்கின்றார்கள். ஆகவே ஒருவன் முள்ளியவளையிலிருந்து நேரே வடதுருவத்துக்குச் சென்று, துருவத்தின் உச்சியிற் சிறிது திரும்பி, மறுபக்கம் நேரே தெற்கே இறங்கினால், ரொறன்ரோவை அடைவான். எங்கள் ஊரிலிருந்து துருவத்துக்கு எண்பத்தொரு பாகை, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு நாற்பத்தாறு பாகை, கூட்டினால் 127. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீற்றராகப் பெருக்கினால் 14,100 வரும். ஊரிலிருந்து இழுத்த நேர்நூலுக்கோ 13,800. துருவம் வரை போய்த் திரும்பினாலும் முந்நூறு கிலோமீற்றர்தான் அதிகம்; முள்ளியவளையிலிருந்து கட்டுநாயக்காவுக்குத் தரைவழியே போகும் தூரம் அவ்வளவு.

இனி, இந்த ஒன்றரைச் சாண் நூலை ஒரு விமானம் ஒரே மூச்சிற் பறந்துவிட இயலாதா என்று கேட்கலாம். இயலும். சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க் 15,300 கிலோமீற்றர். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் இடையில் இறங்காமற் பறக்கின்றார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து லண்டனுக்கு 14,500 கிலோமீற்றரை 2018 பங்குனி தொடக்கம் ஒரே பறப்பிற் கடக்கின்றார்கள். மணிக்குத் தொளாயிரம் கிலோமீற்றர் என்று கொண்டால் கொழும்பிலிருந்து ரொறன்ரோ பதினாறு மணி நேரத்துக்குட்பட்ட பயணமே. தடை தூரத்தில் இல்லை. அவ்வளவு தூரம் பறக்கும் விமானம் புறப்படும்போது தன் பாரத்திற் பெரும் பங்கை எண்ணெயாகச் சுமக்க வேண்டும். அந்த எண்ணெயைச் சுமப்பதற்கே எண்ணெய் செலவாகும். நாள்தோறும் இருக்கைகள் நிரம்பாவிடில் அப்பயணம் கட்டுபடியாகாது. நூல் செல்லும் வழியிலுள்ள நாடுகளும் எப்போதும் கதவைத் திறந்து வைத்திருப்பதில்லை. 2022 ஆம் ஆண்டு உக்ரேன் யுத்தத்தை அடுத்து ருசியா தன் வானத்தைக் கனடா, ஐரோப்பிய நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. வானத்துக்கும் வேலி உண்டு என்பதை அந்த ஆண்டிற் பலர் அறிந்தனர். வன்னியிலே பாதை மூடுவதையும் திறப்பதையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை.

ஆகவே எங்கள் பிள்ளைகள் துபாயிலோ வேறு நகரிலோ இறங்கி ஏறுகின்றனர். இதில் ஒரு வேடிக்கை. கொழும்பிலிருந்து துபாய் 3,290 கிலோமீற்றர். துபாயிலிருந்து ரொறன்ரோ 11,080. கூட்டினால் 14,370, நேர்வழியிலும் 370 கிலோமீற்றர்தான் மிகுதி. லண்டன் வழியாகச் சென்றாலும் 14,400 சொச்சமே. விமானத்தின் வேகத்தில் இந்த மிகுதி அரை மணி நேரமும் ஆகாது. நேரத்தைத் தின்பது சுற்றுவழியன்று, காத்திருப்பே. போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம் எடுக்கும் என்றும் எண்ணவேண்டா. பத்துக் கிலோமீற்றர் உயரத்திலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்றோட்டம் ஒன்று ஆறு போல் ஓடுகின்றது. ஊருக்கு வருபவர்களை அது தள்ளிக்கொண்டு வருகின்றது. திரும்பிப் போகின்றவர்களை எதிர்த்து நிற்கின்றது. துபாய்க்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் மட்டும் இதனால் ஒரு மணி நேரமளவு வேறுபாடு உண்டாகின்றது. அம்மாவுக்கு நான் சொன்ன உண்மைகளுள் அவருக்கு மிகப் பிடித்தது இதுதான். "காத்தும் எங்கட பக்கந்தான்" என்றார்.

நீண்ட ஆகாயப் பயணம் என்றவுடன் இன்று எல்லாரும் அந்நிய நாடுகளையே நினைக்கின்றனர். நம் நாட்டிலே நிகழ்ந்த அருஞ்செயல் ஒன்றைப் பாடநூல்கள் சொல்வதில்லை. இரண்டாம் உலக யுத்தத்திற் சிங்கப்பூர் யப்பானியர் வசமானபின் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையேயிருந்த ஆகாய வழி அறுந்தது. அதை ஒட்டவைக்க 1943 ஆடியில் பேர்த் நகருக்கும் காலிக்கு அருகிலுள்ள கொக்கலைக்கும் இடையே கற்றலீனா என்னும் கடல் விமானங்கள் பறக்கத் தொடங்கின. இடையில் 5,600 கிலோமீற்றருக்கு மேல் கடல். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் வேகம். எண்ணெயின் பாரத்தாற் பயணிகள் மூவருக்கு மேல் ஏற்ற முடியாது. எதிரி அறிந்துவிடுவான் என்று வானொலியிற் பேசமாட்டார்கள். நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். இருபத்தேழு மணி நேரம் முதல் முப்பத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் வரை சென்றது ஒரு பயணம். ஒரே பறப்பில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் கண்டமையால் அதற்கு இரட்டைச் சூரியோதயம் என்று பெயர் வந்தது. 1945 வரை 271 முறை அந்தச் சமுத்திரத்தைக் கடந்தார்கள். தூரத்தாலன்றி நேரத்தால் அளந்தால், இடையில் இறங்காத வழக்கமான பயணிகள் சேவையில் அதை விஞ்சியது இன்றும் இல்லை. கொக்கலைக்குப் போகின்றவர்கள் அந்த வாவியைக் கண்டு வரலாம்.

யுத்தம் முடிந்து ஈராண்டில், 1947 மார்கழி 10 ஆம் நாள், இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டக்கோட்டா விமானம் ஒன்று காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. எயர் சிலோனின் முதற் பயணம் அது. பலாலியிலிருந்து சென்னை வெறும் 355 கிலோமீற்றர். பல்லாண்டு நின்றுபோன அவ்வழி 2019 இல் மீண்டும் திறந்தது. இதை இங்கே சொல்லக் காரணம், சில தூரங்களைக் கிலோமீற்றரில் அளப்பது பயனில்லை என்பதே. அந்த 355 கிலோமீற்றர் ஒரு தலைமுறைக்கு மேலாக அளவிட இயலாத தூரமாயிருந்தது.

நிற்க. என் தம்பியின் பயணத்துக்கு வருகின்றேன்.

அவன் 1991 ஆம் ஆண்டு பத்தொன்பது வயதிற் புறப்பட்டான். துவிச்சக்கர வண்டியில் காட்டுப் பாதையால் வவுனியா, அங்கிருந்து கொழும்பு, அங்கே ஒரு விடுதியறையில் மூன்று மாதம். பிறகு பாங்கொக்கில் நான்கு மாதம். அதன் பின் நைரோபியிற் சில வாரம். முடிவிற் கனடா. புறப்பட்ட நாளிலிருந்து எட்டு மாதம். அவன் உயிரோடு இருக்கின்றான் என்பதை அறிவிக்கும் கடிதம் எங்களுக்கு வந்து சேர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. அந்தப் பத்து மாதமும் அம்மா வாய்விட்டு அழுததை நான் கண்டதில்லை. காட்டா விநாயகர் கோயிலுக்குப் போய் வருவார், அவ்வளவே.

பின்னாளில் ஒரு மாலை நேரத்தில் உருண்டையை எடுத்து அவன் சென்ற வழிக்கு நூல் பிடித்தேன். கொழும்பு, பாங்கொக், நைரோபி, ரொறன்ரோ: ஏறக்குறைய 21,800 கிலோமீற்றர். நேர்வழியின் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதை எட்டு மாதத்து மணி நேரங்களால் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு நாலு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு! கணக்குப் பிழைத்துவிட்டதோ என்று மறுபடியும் செய்தேன். பிழையில்லை. அத்தனை ஆகாய விமானங்களில் ஏறி இறங்கியும் என் தம்பி கனடாவுக்குப் போன வேகம், ஒரு மனிதன் நடக்கின்ற வேகம். கோவலனும் கண்ணகியும் அவனோடு சேர்ந்து நடந்திருக்கலாம்.

தூரத்துக்கு அடுத்தபடியாக எங்களை அலைக்கழித்தது நேரம். சூரியக் கணக்குப்படி நெடுங்கோடு ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். முள்ளியவளைக்கும் ரொறன்ரோவுக்கும் 160 பாகை. ஆகவே பத்து மணி நாற்பது நிமிடம். கடிகாரக் கணக்கில் மாரியிற் பத்தரை மணி, அவர்கள் கோடையிற் கடிகாரத்தை முன்தள்ளும்போது ஒன்பதரை மணி. இங்கே நாங்கள் விழிக்கும்போது அங்கே முதல்நாள் இராச்சாப்பாடு. இவ்வளவு போதாதென்று, 1996 இல் நாட்டின் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்தள்ளி, சில மாதத்தில் அதில் அரைமணியைப் பின்வாங்கினார்கள். வன்னியில் அது நடைமுறைக்கு வரவில்லை. 2006 சித்திரையிற் பழைய நேரத்துக்கு அரசாங்கம் திரும்பும் வரை, வவுனியாவில் எட்டு மணி என்றால் எங்கள் ஊரில் ஏழரை. தம்பியோடு தொலைபேசியிற் பேசுவதற்குப் பாதை திறந்தபின் ஒருமுறை அம்மாவை வவுனியாவுக்குக் கூட்டிச் சென்றேன். காலை எட்டுக்கு எடுப்பதாக அவன் எழுதியிருந்தான். பூமிசாஸ்திர ஆசிரியனாகிய நான் என் கைக்கடிகாரத்தின்படி எட்டு மணிக்குச் சரியாகக் கடை வாயிலில் நின்றேன். அவன் அழைத்து, காத்திருந்து, வைத்துவிட்ட பின் அரைமணி ஆகியிருந்தது. உலகத்து நேரவலயம் முழுவதும் கரும்பலகையில் வரையத் தெரிந்தவனுக்கு ஓர் அரைமணி தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது மட்டும், "அவனுக்கு அங்கே சாமமல்லோ, நித்திரை முழிச்சிருந்திருப்பான்" என்றார்.

சென்ற மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா காலமானார். உடனே தம்பிக்கு அறிவித்தேன். அங்கே திங்கட்கிழமை மாலை ஆறு மணி. வேலை முடிந்து பனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். "வைச்சிருங்கோ அண்ணை, நான் வாறன்" என்றான். வேறொன்றும் பேசவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது முழுவதும் கணக்கே. உடலைப் பதஞ்செய்து வைத்தோம். எத்தனை நாள் வைக்கலாம், வியாழன் எடுக்கலாமா, வெள்ளி எடுக்கலாமா என்று பெரியவர்கள் பேசினார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. பந்தலுக்கடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, "மாஸ்ரர், இப்ப எவடத்திலை நிற்பான்?" என்று கேட்டார்கள். அம்மாவின் கேள்வியை ஊரே எடுத்துக்கொண்டது போலிருந்தது. நான் உள்ளே சென்று உருண்டையைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தேன். சாவீட்டில் இது தகுமோ என்று சிலர் முகம் சுளித்திருக்கலாம். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

தம்பிக்கு மறுநாட் பிற்பகல் இரண்டு மணி விமானத்திற்றான் இடம் கிடைத்தது. எங்களுக்கு அது செவ்வாய் நள்ளிரவு கடந்து அரைமணி. பதின்மூன்று மணி நேரத்தில் துபாய். அங்கே ஆறு மணி நேரம் இருக்கை. பிறகு நாலரை மணி நேரத்தில் கட்டுநாயக்கா. அப்போது புதன் நள்ளிரவு. கடவுச்சீட்டு அலுவல் முடித்து வெளியேற ஒன்றரை மணி நேரம். அதன்மேல் முந்நூறு கிலோமீற்றர் தரைவழி: சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான். மழையில் அதற்கு ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்தில் ஒரு விமானம் ஆறாயிரம் கிலோமீற்றருக்கு மேற் பறந்திருக்கும். ஏறிய நிமிடத்திலிருந்து வாசல் வரை முப்பத்திரண்டு மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது பதினேழரை. செய்தி அறிந்ததிலிருந்து எண்ணினால் ஐம்பத்திரண்டு. "ஒரு நாள் பயணந்தான்" என்று நான் சொல்லி வந்தது எவ்வளவு குறை என்பது இப்போது புலனாகும்.

வியாழன் காலை எட்டரை மணிக்கு வண்டி படலையில் நின்றது. முப்பத்து மூன்று ஆண்டுக்கு முன் போனவன், இடையில் இரண்டே முறை வந்தவன். தலை நரைத்திருந்தது. பந்தலுக்குள் வந்து அம்மாவின் கால்மாட்டில் அமர்ந்தான். பறை அடிப்பவர்கள் அவனைக் கண்டு சற்று நிறுத்தினார்கள். அவன் அம்மாவின் பாதங்களை இரு கைகளாலும் பற்றிக்கொண்டபோது, சட்டைக் கை மேலேறி, அவனது கைக்கடிகாரம் வெளியே தெரிந்தது. பழக்கத்தால் என் கண் அதிற் சென்றது. அவன் அதை மாற்றியிருக்கவில்லை. அதில் மணி பத்து. அங்கே இன்னும் புதன்கிழமை இரவு.